1.85 வோல்ட் பற்றிய மறுப்பு

சின்ன காஞ்சிபுரம்,
சித்ரபானு வருஷம், ஆனி மாதம்.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
'கணிமுற்றம்' மாத இதழ், சென்னை.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேரருளாளன் கிருபையில் இங்கு நானும் என் மனைவி பூமாவும் தேக சௌக்கியமாக இருக்கிறோம். தாங்களும், தங்கள் அலுவலகத்தாரும், இதழை மடித்து உறையிலிட்டு மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் அந்தப் பெயர் தெரியாத அன்பரும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். தங்கள் இதழின் 'சந்தேக மேடை' பகுதியில் 'சர்க்யூட் சாமி' என்ற பெயரில் பதில் எழுதுகிறவரும் சௌக்கியமாகவே இருக்கட்டும். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் நலம் விசாரிக்கும் இடத்திலேயே அதைக் காட்டுவது நாகரிகம் அல்ல.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடைத்தாள் திருத்தித் திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ஆகையால் இந்தக் கடிதத்தைத் தாங்கள் ஒரு கணக்கைப் பார்ப்பதுபோலப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டினாலும் விடை பிடிபடாது. என் கோரிக்கை ஒன்றுதான். தங்கள் பிப்ரவரி இதழில் என் மகன் ப. ஸ்ரீசரணைப் பற்றி அச்சிட்ட ஒரு சொல்லைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

என் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தான். எல்லாரையும்போல முழுக் கணினியாகக் கடையில் வாங்காமல், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் உறுப்பு உறுப்பாக வாங்கி வந்து கூடத்தில் பரப்பினான். "கொலுவுக்கு இன்னும் நாள் இருக்கேடா" என்றாள் அவன் அம்மா. அவற்றையெல்லாம் ஒரு பெட்டிக்குள் பொருத்தி ஓடவும் வைத்தான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. 566 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் ஓடும் என்று செய்தவனே எழுதிக்கொடுத்திருந்த ப்ராசசரை இவன் 850-ல் ஓட்டினான். அவ்வளவு வேகத்தில் விரட்டினால் அதற்கு மூச்சு வாங்குமாம். அதைச் சமாளிக்க, 1.5 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் 1.85 கொடுத்தான். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர் என்பதையெல்லாம் நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என்னடா பண்ணுகிறாய் என்று கேட்டதற்கு, "அதே விலைக்கு ஒண்ணரை மடங்கு வேகம்ப்பா" என்றான். 566-ஐ ஒன்றரையால் பெருக்கிப் பார்த்தேன், 849 வந்தது. கணக்கு ஏறக்குறைய சரியாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் அந்தக் கணினி ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று உறைந்துபோய் நின்றுவிடும். அதற்காகத்தான் கார்த்திகை மாதம் உங்களுக்கு எழுதிக் கேட்டான், 1.85 வோல்ட் பாதுகாப்பானதுதானா, இன்னும் ஏற்றலாமா என்று. மார்கழியில், கல்லூரிப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒரு மணல் லாரி வந்து ஏறி, அவன் போய்விட்டான். இதை எப்படி எழுதப் பார்த்தாலும் ஒரு வரிக்குமேல் வரமாட்டேன் என்கிறது, மன்னிக்கவும்.

அவன் போன பிறகும் உங்கள் இதழ் அவன் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. சந்தாவை நிறுத்தச் சொல்லி எழுத எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. பிப்ரவரி இதழை உறையிலிருந்து பிரித்துப் புரட்டிக்கொண்டிருந்த பூமா, "ஏன்னா, ஓடி வாங்கோ, நம்ம குழந்தை பேர் அச்சுல வந்திருக்கு" என்று கூப்பிட்டாள். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. அவளே உரக்க வாசித்தாள். "ப. ஸ்ரீசரண், சின்ன காஞ்சிபுரம்: 1.5 வோல்ட்டில் ஓட வேண்டியதற்கு 1.85 கொடுப்பது வெறும் ஆர்வக்கோளாறு. பத்து சதவீதத்துக்குமேல் ஏற்றுவது ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சோதனை ஓட்டத்தில் ஒரு பிழைகூட வராமல் தாக்குப்பிடித்தால்தான் அதற்கு நிலைத்தன்மை என்று பெயர். உடனே பழைய அளவுக்குத் திரும்பவும்." அந்தச் சொல் வந்த இடத்திலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. மீதியை முணுமுணுத்துவிட்டு இதழை மூடி வைத்தாள். அவன் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு முறைதான். செய்தித்தாளில் நாங்கள் கொடுத்த விளம்பரத்தில் படத்தோடு வந்ததை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஒரு முறையிலும் பக்கத்திலேயே ஆர்வக்கோளாறு என்று இருக்கிறது. சர்க்யூட் சாமி சொன்ன பத்து சதவீதக் கணக்கு எனக்கும் தெரியும், 1.65 வருகிறது. அதில் தப்பில்லை, முழு மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் ஒரு நாள் முழுக்கப் பிழையில்லாமல் ஓடினால் நிலைத்தன்மை என்று அவரே இலக்கணமும் சொல்லிவிட்டார் அல்லவா? ஓட்டிக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்துகொண்டேன்.

எனக்குக் கணினியில் எதை எங்கே அழுத்துவது என்று தெரியாது. ஆகவே காயத்ரியைக் கூப்பிட்டேன். ஸ்ரீசரணோடு பள்ளியில் படித்த பெண். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். இப்போது செவிலிமேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து, புடவைக்கு பார்டர் டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். அவள் வந்து பார்த்துவிட்டு, "சார், இது ரொம்ப சூடாவுது சார். வோல்டேஜ் ஏத்தினா சூடு ஏறும், சூடு ஏறுச்சின்னா அது தப்புத் தப்பா கணக்குப் போட ஆரம்பிச்சிடும். பயாஸ்ல போயி டீஃபால்ட், அதான் சார் கம்பெனி வெச்ச அளவு, வெச்சிட்டா ஒரு தொந்தரவும் இருக்காது. ரெண்டே நிமிஷம், வெக்கட்டுமா?" என்றாள். கூடாது என்றேன். "ஒரு படி மட்டும் இறக்கிப் பாக்கலாமா சார்?" என்றாள். அதுவும் கூடாது என்றேன். அவன் விரல் பட்டு வைத்த கடைசி எண்கள் அவை. அதை அந்தக் குழந்தையிடம் சொல்ல வாய் வராமல், "கணக்கு நடக்கும்போது நடுவுல எண்ணை மாத்தப்படாதும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் பிறகு வற்புறுத்தவில்லை. பகா எண்களை ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு சோதனை நிரலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பகா எண் என்றதும் எனக்கு அதன்மேல் மரியாதை வந்தது. ஆனால் அதைத் தொடங்கும் இடத்தில் ஆங்கிலத்தில் சித்திரவதைச் சோதனை என்று போட்டிருக்கிறார்கள். பூமா அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். பரீட்சை என்று சொல்லிவைத்தேன்.

முதல் தடவை அது காபி ஆறுவதற்குள் நின்றுவிட்டது. என்ன பிழை என்று பார்த்தால், முழு எண்ணாக்குவதில் வித்தியாசம் 0.4-க்குக் குறைவாக இருக்க வேண்டும், 0.5 வந்துவிட்டது என்றது. ஸ்ரீசரணும் பள்ளியில் இதே இடத்தில்தான் சறுக்குவான், கை ஓடும் வேகத்துக்கு மனசு ஓடாது. சரி, சூடுதானே எதிரி என்று பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேஜை மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தேன். கூடத்திலிருந்த தூசி முழுவதும் உள்ளே குடிபோயிற்று, கணினி தும்மாத குறை. அடுத்து வெட்டிவேர்த் தட்டி வாங்கி, நனைத்து, பெட்டிக்கு மேலாகத் தொங்கவிட்டேன். வாசனை என்னவோ திவ்யமாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு நீர் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழாமல் விழக்கூடாத இடத்தில் விழுந்து, தட்டியைத் தள்ளி வைக்கப் போன என்னை மின்சாரம் ஒரு தட்டுத் தட்டித் தரையில் உட்கார வைத்தது. காயத்ரி வந்து, "இன்னா சார் நீங்க, உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா அம்மா இன்னா பண்ணுவாங்க?" என்று என்னைத் திட்டினாள். நான் திட்டிய பிள்ளைகளெல்லாம் என் கண்முன் வந்தார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று யோசித்து, கணினியைப் பெருமாள் சந்நிதி அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். பூமா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் வைத்தேன். வாசலுக்குப் பூ கொண்டுவரும் மணியம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா சாமி, பெட்டிய உள்ள வெச்சிக்கிறீங்க? தம்பியோடதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப இதுக்குன்னு நான் ஒரு மொழம் தரேன், காசு வேணாம்" என்று மல்லிகையைத் தந்தாள். மறுக்க முடியவில்லை, பெட்டியின் தலையில் சாற்றினேன். அது காற்றுப்போகும் துளைகளை அடைத்துக்கொண்டு, கணினி அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே உறைந்து நின்றது. இதற்கு நடுவில், தெருவில் யாராவது தண்ணீர் மோட்டார் போட்டால் மின்சாரம் சொங்கிப்போகிறது என்று கண்டுபிடித்து, வீடு வீடாகப் போய் மோட்டாரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு ஸுதர்சன், "எங்களுக்கும் குளிக்கக் கொள்ள வேண்டாமா மாமா?" என்று கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி மாமா, மத்தியானத்துக்கு மேல போட்டுக்கறேன் என்றான். இப்போதெல்லாம் எங்கள் தெருவில் என்னிடம் யாரும் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை, அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்த ஊர்க்காரன் என்பதால் எனக்கு அடுத்துத் தோன்றியது எதுவென்று தாங்கள் ஊகித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் சொல்கிறேன். எங்கள் வரதன் பிரம்மாவின் வேள்வித் தீயிலிருந்து தோன்றியவன். பிறந்த சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை என்பார்கள். அந்தச் சூடு தணிய திருக்கச்சி நம்பி நாள்தோறும் ஆலவட்டம் வீசினார், வீசும்போது பெருமாள் அவரோடு வாய்விட்டுப் பேசினார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். ஆலவட்டம் என்றால் பெருமாளுக்கு வீசும் பெரிய விசிறி. மின்விசிறி தூசியைத்தானே வாரிப் போடுகிறது, கையால் பக்குவமாக வீசினால் என்ன என்று ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தேன். ஆசிரியர் அவர்களே, சிரிக்காதீர்கள், பலன் இருந்தது. நிமிஷத்தில் நின்றுகொண்டிருந்தது நாழிகைக் கணக்கில் ஓடத் தொடங்கியது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்தது. அதனால் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் வீசினேன். நம்பியோடு பெருமாள் பேசினார். என்னோடு பெட்டி பேசவில்லை. அதனால் நானே பேசினேன். கருட சேவைக்கு எத்தனை கூட்டம், ஸுதர்சனுக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள், உன் சைக்கிளை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, இப்படி ஏதேதோ. பூமா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் விசிறிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டேன். மயக்கமெல்லாம் இல்லை, களைப்புதான். பூமா முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். "கை எப்படி வீங்கிண்டிருக்கு பாருங்கோ. அவனும் போயாச்சு. உங்களையும் விட்டுட்டு நான் இந்த ஆத்துல யார் முகத்தைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கறது?" என்றாள். அவன் செய்தது சரி என்று ஆகிவிடட்டும், அப்புறம் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நாளைக்கு என் தம்பியோட திருமுக்கூடல் போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வாங்கோ. அதுவரைக்கும் நான் விசிறறேன்" என்றாள். அந்தப் பெட்டியின் பக்கமே வராதவள், விசிறியைக் கையில் தொடாதவள், நான் விசிறறேன் என்றதும் விசிறியை அவளிடமே கொடுத்தேன். போனேன். மூன்று ஆறு கூடுகிற இடத்தில் நின்று, பெருமாளே, என் பிள்ளைக்கு ஒரே ஒரு நாள் பாஸ் போடு என்று வேண்டிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது சோதனை ஓடிக்கொண்டிருந்தது. பூமா எதிரில் உட்கார்ந்து மெதுவாக வீசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், ஜுரம் விட்ட உடம்புபோல் இருந்தது.

அன்றைக்கு நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டி, ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியது. சாட்சிக்குக் காயத்ரியை வரவழைத்தேன். அவள் திரையைப் பார்த்தாள், பூமாவைப் பார்த்தாள், "பாஸ் சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். தோழன் ஜெயித்ததில் அவளுக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, சர்க்யூட் சாமி வகுத்த அதே இலக்கணப்படி, 850 மெகாஹெர்ட்ஸிலும் 1.85 வோல்ட்டிலும் என் மகனுடைய கணினி நிலையாக ஓடியிருக்கிறது என்று இதனால் நிரூபிக்கப்படுகிறது. அவனிடம் ஆர்வம் இருந்தது, கோளாறு இருக்கவில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு ஒன்றை வெளியிட்டு அந்தச் சொல்லை நீக்கிக்கொள்ளும்படி மிகவும் பணிவோடும் கொஞ்சம் கோபத்தோடும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இதழ் மென்மேலும் வளர்ந்து வீடுதோறும் நுழையட்டும். இதழில் வேலை செய்யும் சிறியவர்கள் அனைவருக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். சர்க்யூட் சாமி என்னைவிட இளையவராக இருந்தால் அவருக்கும் உண்டு. மூத்தவராக இருந்தால் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தே. பராங்குசம்
(ப. ஸ்ரீசரணின் தகப்பன்)

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் இதைப் பூமாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த 1.85-ஐ மட்டும் எடுத்துடுங்கோ" என்றாள். அதை எடுத்தால் கடிதமே இல்லையே என்றேன். அப்போதுதான் சொன்னாள். நான் திருமுக்கூடலில் நின்று வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் காயத்ரியை வரவழைத்து எல்லாவற்றையும் பழைய அளவுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறாள். நம்பாமல் போய்க் கணினியை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் திரையிலேயே 566 என்று எழுதியிருக்கிறது. வோல்ட் 1.5. பிழையில்லாமல் ஒரு நாள் முழுக்க ஓடியது இதுதான்.

கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை நோக்கி அப்படிக் கத்தியதில்லை. அவன் கடைசியாக வைத்துவிட்டுப் போன எண்களை அழித்துவிட்டாயே என்றேன். அவள் அழவில்லை. "அழிக்கலை. அவன் என்ன பண்ணியிருப்பானோ அதைப் பண்ணினேன். தான் பிடிச்சதுதான் சரின்னு இருக்கறவன் எதுக்கு லெட்டர் எழுதிக் கேட்கறான்? ஆபத்தான்னு கேட்டான், ஆமாம்னு பதில் வந்தது. குழந்தை இருந்து அதைப் படிச்சிருந்தா அன்னிக்கு சாயங்காலமே மாத்தியிருப்பான். அவன் கைக்கு வந்து சேரலை. என் கைக்கு வந்தது, நான் மாத்தினேன்" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, எடுத்துக்கொண்ட எண் தவறென்றால் நிரூபணம் செல்லாது. இதை ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கை வீக்கத்தால் வேறு கடிதம் எழுத முடியவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். மறுப்பும் வேண்டாம். சர்க்யூட் சாமி சொன்னது சரி. ஆனால் சந்தேக மேடையில் எங்காவது ஒரு மூலையில் இடம் இருந்தால், இந்தச் சிறு குறிப்பை மட்டும் தயவுசெய்து போடுங்கள்:

"ப. ஸ்ரீசரண், சின்ன காஞ்சிபுரம்: தங்கள் யோசனைப்படி பழைய அளவுக்கு மாற்றிவிட்டேன். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. பதிலுக்கு நன்றி."